என்ன தெரியுது, சொல்லு

தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில், தொண்ணூறுகளின் கடைசியில், பெண்கள் வாலிபால் டீம் இருந்தது என்று சொன்னால் இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளே நம்புவதில்லை. இருந்தது. நான் அதில் ஆடினேன். அந்த டீமை உண்டாக்கியவர் பி.டி. மாஸ்டர் இல்லை, எங்கள் ஹிஸ்டரி சார். பி.டி. மாஸ்டர் பணியிடம் அப்போது காலியாகக் கிடந்தது, பையன்கள் அவர்களாகவே எதையாவது ஆடிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் விளையாட்டு பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருப்போம். அதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, சார் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் சார் காலமானார். சாவு வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான், தங்கமான மனுஷன், பத்தாவதில் சோசியலில் ஒருத்தரையும் ஃபெயிலாக விட்டதில்லை. இரண்டும் உண்மை. ஆனால் அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பது அதில் வரவேயில்லை. எனக்கு அதுதான் முக்கியம். பேரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடித்திருக்காது, அதனால் சார் என்றே எழுதுகிறேன், அவரிடம் படித்தவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும்.

அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது பந்தைத் தொடுவதை இல்லை, கோடு போடுவதை. வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நடுக்கோடு போட்டால் ஒன்பதுக்கு ஒன்பது என்று இரண்டு சதுரம். கிராமத்து மைதானத்தில் கோடு போட்டால் எப்போதும் கோணல்தான், ஒரு மூலை உள்ளே போயிருக்கும், ஒரு மூலை வெளியே வந்திருக்கும். சார் ஒரு நைலான் கயிற்றில் 3 மீட்டரில் ஒரு முடிச்சு, 9 மீட்டரில் ஒரு முடிச்சு, அப்புறம் 12 மீட்டர் 73 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு போட்டு வைத்திருந்தார். மூன்றாவது முடிச்சு எதற்கு என்று எங்களிடமே கேட்டார். ஒருத்திக்கும் தெரியவில்லை. சொல்லவும் மாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் கணக்கு டீச்சரிடம் போய்க் கேட்டு, அது அந்தச் சதுரத்தின் மூலைவிட்டம், மூலைக்கு மூலை கயிறு சரியாக அந்த முடிச்சில் நின்றால்தான் மூலைகள் நேராக இருக்கிறது என்று அர்த்தம் என்று தெரிந்துகொண்டு வந்தோம். பித்தாகரஸ் தேற்றம் எனக்குப் புரிந்தது அந்தச் செம்மண் மைதானத்தில் சுண்ணாம்புத் தூள் கையோடுதான்.

நெருஞ்சி முள் எடுப்பது, கல் பொறுக்குவது, நெட் கட்டுவது எல்லாம் எங்கள் வேலை. பருத்தி நெட் மழையில் நனைந்து இற்றுப்போகும், அவர் வீட்டிலிருந்து ஊசியும் நைலான் நூலும் கொண்டுவந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் உட்கார்ந்து தைப்பார். பந்து ஒன்றே ஒன்று. பிளாடர் போனால் அரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டு வருவார், சொந்தக் காசில். சாயங்காலம் ஆடி முடித்தால் பசி உயிர் போகும், அவர் வீட்டு அம்மா குச்சிக்கிழங்கு வேகவைத்துத் தூக்குவாளியில் போட்டு அனுப்பியிருப்பார்கள், உப்பும் மிளகாயும் இடித்த தூளைத் தொட்டுக்கொண்டு தின்போம். அந்தத் தூளுக்காகவே பிராக்டிஸுக்கு வந்தவள் ஒருத்தி இருந்தாள், பின்னால் அவள்தான் எங்கள் லிஃப்டர், அடிக்கிறவளுக்குப் பந்தை ஏற்றிக் கொடுப்பவள்.

பிராக்டிஸ் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். எதிர்ப் பக்கம் ஒருத்தி சர்வீஸ் போட நிற்பாள். நாங்கள் ரிசீவ் பண்ண நிற்போம். அவள் கையை ஓங்கும் நேரத்தில் சார் விசில் ஊதி நிறுத்திவிடுவார். "என்ன தெரியுது, சொல்லு." அவ்வளவுதான் கேள்வி. பந்து தெரியுது சார் என்போம். "பந்து எல்லாருக்கும் தெரியும். வேற?" நின்று பார்க்கப் பார்க்கத்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அவள் முன்கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தோள் எங்கே பார்க்கிறது, பந்தைத் தூக்கிப் போட்டது தலைக்கு நேரா முன்னாலா, கை எவ்வளவு பின்னால் போகிறது. கால் திரும்பிய பக்கம்தான் பெரும்பாலும் பந்து வரும். இதை அவர் முதல் நாளே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாரக்கணக்கில் அதே கேள்வியைக் கேட்டு, நாங்களாகப் பார்த்துச் சொல்கிற வரைக்கும் காத்திருந்தார். ஒருத்தி தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்ல மாட்டார், "சரி, அடுத்த சர்வீஸ்ல அது நடக்குதான்னு பாரு" என்பார். நடக்காது. அவளே வாயை மூடிக்கொண்டு மறுபடி பார்க்க ஆரம்பிப்பாள்.

வகுப்பிலும் இதே ஆள்தான். புத்தகத்தைத் திறக்கும் முன்னால் படத்தைப் பார்க்கச் சொல்வார். மாமல்லபுரம் படமோ ஒரு பழைய காசின் படமோ, எதுவாக இருந்தாலும் என்ன தெரியுது, சொல்லு. பின் பெஞ்சுப் பையன்தான் முதலில் கை தூக்குவான், ஏனென்றால் இதற்கு மனப்பாடம் தேவையில்லை.

அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைத்த கதை தனி. ஒன்பதாவதிலிருந்து எங்களுக்குத் தாவணிதான் யூனிஃபார்ம். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு எகிறிப் பிளாக் பண்ண முடியாது. சுடிதார் போட்டு ஆடலாம் என்று சார் ஹெட்மாஸ்டரிடம் அனுமதி வாங்கினார், ஆனால் வீட்டில்? சுடிதார் துணி வாங்கவே வழியில்லாத வீடுகள் அதில் பாதி. அவரும் அவர் வீட்டு அம்மாவுமாக ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம், "அண்ணா, புள்ளைய வெளியூர் கூட்டிட்டுப் போனா நானும் வருவேன், என் வீட்டுக்காரியும் வருவா, பொழுது சாய்றதுக்குள்ள உங்க வாசல்ல கொண்டாந்து விடுவோம்" என்றார். அப்பா களி தின்ற கையைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "நீங்க இருந்தா சரிங்க சார்" என்றார். எல்லா வீட்டிலும் பதில் இதுவாகத்தான் இருந்தது. சுடிதார்களைத் தைத்தது அந்த அம்மா. ஒரே துணி, ஒரே நீலம், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே.

நாங்கள் ஆடிய காலத்தில்தான் ஆட்டமே மாறியது. அதற்கு முன்னால் சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டும்தான் பாயிண்ட், பதினைந்துக்கு செட். 1998-இல் சர்வதேச வாலிபால் சம்மேளனம் ராலி பாயிண்ட் முறைக்கு மாறுவது என்று முடிவு செய்தது, யார் சர்வீஸ் போட்டாலும் ராலி ஜெயித்தவருக்குப் பாயிண்ட், செட் 25-க்கு. அது எங்கள் ஸோனல் மேட்சுகளுக்கு வந்து சேர்ந்தபோது பலருக்கு எரிச்சல். சார் மட்டும் உற்சாகமாகிவிட்டார். பழைய முறையில் சர்வீஸை நெட்டில் அடித்தால் சர்வீஸ்தான் போகும், இப்போது பாயிண்டே போகிறது, அப்படியென்றால் எது மாறும் என்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு எங்களையே யோசிக்க வைத்தார். ஒரு முழு ஹிஸ்டரி பீரியட் அதற்குப் போனது. சட்டம் மாறினால் ஜனங்கள் நடந்துகொள்வதும் மாறும், அதுவும் சரித்திரம்தான் என்றார். பிரிட்டிஷ்காரன் வரி முறையை மாற்றிய பாடத்தை அதோடு கோத்து நடத்தினார். விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை எனக்கு இன்னும் மறக்கவில்லை, சேலம் ஜில்லாவின் பாராமகால் பகுதி என்று புத்தகத்தில் வருவது நாங்கள் உட்கார்ந்திருந்த இடம்தான் என்று தெரிந்தபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியவில்லை, அது 2004-இல்தான். அதனால் மாவட்டப் போட்டி என்றால் ஓசூர், தேன்கனிக்கோட்டையிலிருந்து எல்லாம் தர்மபுரிக்கு வருவார்கள். நாங்கள் ஒரு தடவை அரையிறுதி வரைக்கும் போனோம். ஓசூர் பக்கத்திலிருந்து வந்த டீம், எல்லாரும் எங்களைவிட உயரம், காலில் ஷூ. முதல் செட்டை நாங்கள் எடுத்தோம். சர்வீஸ் போடும் பெண்ணின் காலைப் பார்த்துப் பார்த்து எடுத்தோம், ஒரு பந்தைக்கூட கீழே விடவில்லை என்று சொல்லும் அளவுக்கு ரிசீவ் பண்ணினோம். அடுத்த இரண்டும் போயிற்று. அவர்கள் அடித்த அடியை எங்களால் பிளாக் பண்ண முடியவில்லை, அவ்வளவுதான். சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லாரும் முகம் கழுவிக்கொண்டு வாங்க, ஒரு இடத்துக்குப் போகலாம் என்றார்.

கூட்டிக்கொண்டு போனது அருங்காட்சியகத்துக்கு. அங்கே நடுகற்கள் வைத்திருக்கிறார்கள், சண்டையில் செத்தவர்களுக்காக நட்ட நினைவுக் கற்கள். தோற்ற கையோடு, வியர்வை காயாத சுடிதாரோடு, ஒரு கல் முன்னால் நின்றோம். ஒரு ஆள் வில் பிடித்திருக்கிறான், உடம்பில் அம்பு தைத்திருக்கிறது, மேலே வட்ட வட்டமாக என்னமோ எழுத்து. என்ன தெரியுது, சொல்லு. அழுதுகொண்டிருந்த எங்கள் லிஃப்டர்தான் முதலில் பேசினாள். "சார், இவன் ஓடல சார். கால் ரெண்டும் ஊணி நிக்கிறான்." சார் அவளைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்றைக்கு அவர் சொன்னதை எல்லாம் பிறகு எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம்தான் தமிழ்நாட்டில் பழைய நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்த இடம். எழுபதுகளில் இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் தொல்லியல் துறை ஊர் ஊராகப் போய் அவற்றைப் படியெடுத்தது. அந்த வட்ட எழுத்துக்குப் பேரே வட்டெழுத்து. எழுதியிருப்பதும் ராஜா பெருமை இல்லை. ராஜா பேரும் ஆட்சி ஆண்டும் முதலில் வரும், ஆனால் கல் யாருக்கு என்றால், மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த ஒரு சேவகனுக்கு. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது, எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு வைத்தது. அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள், அதன் பேர் கோவிவன், இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று அதற்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். நாய்க்கும் பேர் போட்டிருக்கான் பாருங்க என்று சார் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும்.

இந்த ஊரை ஆண்ட அதியமானுக்கே கல் நட்டார்கள். அவன் இறந்த பிறகு அந்தக் கல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றிப் படைக்கிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று ஔவையார் கேட்டதாகப் புறநானூற்றில் வருகிறது. தமிழ் அய்யா இதை நடத்தியபோது மார்க்குக்காகப் படித்தோம். சார் கல்லுக்கு முன்னால் நிற்க வைத்துச் சொன்னபோதுதான் அந்தக் கிழவியின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரிந்தது.

எங்கள் டீமில் நன்றாக அடிக்கிறவள் ஒருத்தி இருந்தாள், இடதுகைக்காரி. அவள்தான் கேட்டாள், "பொம்பளைங்களுக்குக் கல்லு இல்லையா சார்?" சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. இருக்கிறது என்றார். புருஷன் செத்ததும் கூடவே தீயில் இறங்கியவளுக்குச் சதிக்கல் வைப்பார்கள், வளையல் போட்ட கை ஒன்று உயர்ந்து நிற்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் அந்த மாதிரிக் கற்கள் உண்டு. அப்புறம் சொன்னார், "உசுரோட இருந்து நாலு புள்ளைய வளத்தவளுக்கு எவனும் கல்லு வெக்கல பாப்பா." வேறெதுவும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த இடதுகைக்காரிக்குப் பத்தாவது படிக்கும்போதே மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் இது அப்போது சாதாரணம், இப்போதும் இல்லாமல் போய்விடவில்லை. சார் அவள் வீட்டுக்குப் போய் சட்டம் பேசவில்லை, போலீஸ் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அவள் அப்பாவோடு தோட்டத்தில் உட்கார்ந்து கிழங்கு என்ன விலைக்குப் போகிறது, மழை எப்படி என்று பேசிக்கொண்டிருப்பார், எழுந்து வரும்போது, "பரீட்சை முடியட்டும்ணா" என்பார். பரீட்சை முடிந்தது. மறுபடி போனார், "பன்னெண்டாவது முடிஞ்சிரட்டும்." கிழங்கு வெட்டுக்கு ஆள் கிடைக்காத நாளில் அவரே போய் ஒரு கை கொடுத்துவிட்டு வந்தார் என்று அவள் சொல்லித்தான் தெரியும். பன்னிரண்டாவது முடித்துப் பதினெட்டும் முடிந்த பிறகுதான் கல்யாணம் நடந்தது, அதே மாமன் மகனோடுதான். அதைச் சிலர் தோல்வி மாதிரிப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் இன்றைக்கு சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள், தன் இரண்டு பெண்களையும் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறாள். இடையில் கிடைத்த அந்த வருஷங்களைச் சார் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

போட்டிக்குப் போகும் வழியில் அவர் கண் எப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான். எங்கள் பக்கம் வயலோரம், ஏரிக்கரை, புளியமரத்தடி என்று எங்கே கல் நட்டிருந்தாலும் ஜனங்கள் அதை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள், வேடியப்பன் கோயில் இல்லாத சுற்றுவட்டாரம் குறைவு. அதில் பலதும் நடுகற்கள்தான். எண்ணெயும் மஞ்சளும் அப்பி எழுத்து மூடிக்கிடக்கும். பூசாரியிடம் கேட்டு, அவர் சரியென்றால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, அருகில் உட்கார்ந்து நோட்டில் வரைந்துகொள்வார். சாய்ந்த வெயிலில்தான் செதுக்கல் நன்றாகத் தெரியும் என்பதால் காலையிலோ சாயங்காலமோதான் போவார். எங்களில் யாராவது கூட இருந்தால் டேப்பின் மறு நுனியைப் பிடிக்க வேண்டும்.

நான் நர்ஸிங் படித்து இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். டிரெயினிங்குக்கு வரும் பிள்ளைகள் வார்டுக்குள் வந்ததும் முதலில் கேஸ் ஷீட்டை எடுப்பார்கள். நான் அதை வாங்கி மூடிவிட்டு, கட்டிலில் இருப்பவரைக் காட்டி, என்ன தெரியுது சொல்லு என்பேன். மூச்சு எப்படி வாங்குகிறார், உதடு என்ன நிறம், போர்வையை எதற்காக அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார். சில பிள்ளைகளுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ரிட்டயர் ஆன பிறகும் சார் சும்மா இருக்கவில்லை. 2022 மே மாதம், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள் இல்லையா, அன்றைக்கு ராத்திரி டியூட்டியில் இருந்தேன், சாரிடமிருந்து போன். "நாலாயிரத்து இருநூறு வருசம்மா! நம்ம பக்கம்மா!" என்று சின்னப் பையன் மாதிரிக் கத்தினார். உடம்பு எப்படி இருக்கு சார் என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. அந்த வாரமே யாரையாவது பிடித்து பைக்கில் மயிலாடும்பாறைக்குப் போய்விட்டு வந்தார் என்று பிற்பாடு அவர் மகள் சொன்னாள்.

காரியத்துக்குப் போனபோது அந்த மகள்தான் ஒரு துணிப்பையை எடுத்துக் காட்டினாள். உள்ளே பள்ளிக்கூட நோட்டுகள், கோடு போட்டது, கோடு போடாதது எல்லாம் கலந்து. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கல், பென்சிலில். ஊர்ப் பேர், யார் நிலம், கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, உயரம் அகலம், படிக்க முடிந்த எழுத்து, கீழே அன்றைக்கு டேப் பிடித்த பிள்ளையின் பேர். என் பேரும் சில பக்கங்களில் இருக்கிறது. நடுநடுவே வாலிபால் ரொட்டேஷன் படங்கள், யார் எங்கே நிற்க வேண்டும் என்று. அவர் வரைந்த சில கற்கள் இப்போது அவர் பார்த்தபடி இல்லை. ரோடு அகலப்படுத்தியதில் போனது ஒன்று, எனாமல் பெயிண்ட் அடித்து உருவமே தெரியாமல் நிற்பது இன்னொன்று, இரண்டு இடத்தையும் நானே போய்ப் பார்த்தேன்.

நானும் லிஃப்டரும் இடதுகைக்காரியும் சேர்ந்து எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் நோட்டுகளை அருங்காட்சியகத்தில் காட்டலாம் என்று அவர் மகளும் சம்மதித்திருக்கிறாள். மழை ஈரத்தில் சில பக்கங்களில் ஊர்ப் பேர் அழிந்துவிட்டது. சாரிடம் படித்தவர்கள், அவரோடு போய் டேப் பிடித்தவர்கள் இதைப் படித்தால் எந்த ஏரிக்கரை, எந்தப் புளியமரம் என்று நினைவிருப்பதைச் சொல்லுங்கள். அந்த நீலச் சுடிதாரில் நாங்கள் எல்லாரும் நிற்கும் போட்டோ யாரிடமாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள், எங்களில் ஒருத்தியிடமும் இல்லை.